ஒரு பிரயாணத் திட்டம் குறித்து

கலிபோர்னியாவிலிருந்து தம்பி அனுப்பியிருக்கும் திட்டம் ஏழு நாட்களுக்கானது. முதல் இரண்டு நாள் கம்பம் பள்ளத்தாக்கு, அடுத்த இரண்டு நாள் கொடைக்கானல், ஐந்தாம் நாள் மூணாறு, கடைசி இரண்டு நாள் ராமேஸ்வரமும் தனுஷ்கோடியும். அவன் ஊரில் இது சாதாரண விஷயம். ஒரு பக்கம் நாபா திராட்சைத் தோட்டங்கள், இன்னொரு பக்கம் பசிபிக் கரையோரச் சாலை, எதிர்த்திசையில் ஸியரா மலைகள். பிள்ளைகளைப் பின்ஸீட்டில் உட்கார்த்திக்கொண்டு ஒரே வாரத்தில் மூன்றையும் பார்த்துவிட்டு வந்துவிடுகிறார்கள். நம் பக்கமும் திராட்சையும் மலையும் கடலும் இருக்கிறதே என்று அவனுக்குத் தோன்றியிருக்கிறது. இருக்கிறது, வாஸ்தவம்தான். "அம்மாவோட ஒரு தடவை எல்லாருமாப் போகணும்ண்ணே" என்றான் போனில். ஒரு தடவை என்பதை அவன் எந்த அர்த்தத்தில் சொன்னான் என்று நான் கேட்கவில்லை. அம்மாவுக்கு எழுபத்தெட்டு நடக்கிறது.

திட்டத்தில் தூரங்களும் நேரங்களும் பிசகில்லாமல் இருக்கின்றன. வத்தலக்குண்டுக்கு நேரே 'காபி, பத்து நிமிஷம்' என்று போட்டிருக்கிறான். ராஜம் ஐயர், பி. எஸ். ராமையா, 1959-இல் 'எழுத்து' தொடங்கிய செல்லப்பா, மூவரும் அந்த ஊர்க்காரர்கள். பத்து நிமிஷம் ஒதுக்கியதே அதிகம் என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். மலைக்குப் போகும் கார்களில் பெரும்பாலானவை அங்கே நிற்பது கூட இல்லை.

திராட்சை விஷயத்தில் அவனுக்குக் கொஞ்சம் ஏமாற்றம் காத்திருக்கிறது. நாபாவில் கொடி வேலிபோல் வரிசையாக நிற்கும். வருஷத்துக்கு ஒரு அறுவடை. ருசி பார்க்க மண்டபங்கள் கட்டி வைத்திருப்பார்கள். கம்பத்தில் கல்தூணும் கம்பியுமாகத் தலைக்குமேல் பந்தல். குனிந்துதான் உள்ளே போக வேண்டும். பன்னீர் திராட்சை வருஷம் முழுக்க ஏதாவது ஒரு தோட்டத்தில் வெட்டப்பட்டுக்கொண்டே இருக்கும். 1832-இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் கொண்டுவந்தது என்கிறார்கள். 2023-இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பழம் பெரும்பாலும் கூடையேறி சந்தைக்குப் போய்விடும். மேற்கே ஓடிக்கொண்டிருந்த பெரியாற்றை மறித்து, மலையைக் குடைந்து, 1895-இல் கிழக்கே திருப்பியிராவிட்டால் அந்தப் பள்ளத்தாக்கின் பசுமை இந்த அளவுக்கு இருக்காது. அந்தப் பந்தலடி நிழலில் பச்சையும் மங்கலுமாக ஒரு வெளிச்சம் இருக்கும். தம்பி மகளுக்கு அதைக் காட்ட வேண்டும் என்று எனக்கு ஆசை.

சிக்கல் ஐந்தாம் நாளில். கொடைக்கானலிலிருந்து பேரிஜம், டாப் ஸ்டேஷன் வழியாக மூணாறு என்று எழுதியிருக்கிறான். 1979-இல் அப்பா, சிநேகிதர் ஒருவரின் ஜீப்பில் எங்களை அந்த வழியாகத்தான் கூட்டிப்போனார். இரண்டாம் உலகப் போரில், ஜப்பான்காரன் சென்னையில் இறங்கினால் கொச்சிக்குத் தப்பிப் போவதற்காக வெள்ளைக்காரர்கள் சீர்செய்த பாதை என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். தம்பி அப்போது அம்மா மடியில் இருந்தான். அவனுக்கு ஞாபகம் இருப்பது மூடுபனியும், வாந்தி எடுத்ததும்தான். 1990-ஐ ஒட்டி அந்தப் பாதை மூடப்பட்டு, காட்டுக்குள் போய்விட்டது. இன்று மூணாறு போக வேண்டுமானால் மலையைவிட்டு முழுக்க இறங்கி, தேனி, போடி வந்து, போடிமெட்டில் மறுபடி ஏற வேண்டும். அவன் பக்கத்து ஸியராவிலும் டயோகா கணவாய்ச் சாலையைப் பனிக்காலத்தில் மூடிவிடுவார்கள். ஆனால் வருஷாவருஷம் பனியை வெட்டித் திறப்பார்கள். இதை அவனிடம் சொல்ல இரண்டு முறை போனை எடுத்தேன். இரண்டு முறையும் வேறு எதையோ பேசிவிட்டு வைத்தேன்.

அம்மாவுக்கு மூணாறும் வேண்டாம், ஏரியில் படகும் வேண்டாம். பெரியகுளம் வழியாக, கும்பக்கரை, அடுக்கம் என்று ஏற வேண்டும் என்கிறாள். அது பிறந்த ஊர்ப் பக்கம். வத்தலக்குண்டு மலைச்சாலை முதல் உலகப் போர்க் காலத்தில் வருவதற்கு முன், பெரியகுளம் பக்கத்திலிருந்து செண்பகனூருக்கு ஏறும் செங்குத்தான பாதைதான் ராஜபாட்டை. துரைமார்களைக் கூலியாட்கள் நாற்காலியில் வைத்துத் தூக்கிக்கொண்டு போவார்கள். மோட்டார் ரோடு வந்து வெகுகாலத்துக்குப் பிறகும் என் தாத்தா பஸ் காசை மிச்சம் பிடிக்க அந்தப் பாதையில் நடந்துதான் போய் வந்தார். அவர் இறங்கி வந்தால் வீட்டுக்குள் பேரிக்காய் வாசனை வரும் என்பாள் அம்மா. அடுக்கம் சாலை குறுகலானது, மழையில் மண் சரியும். என் மனைவி அதை எடுத்துச் சொன்னாள். "சரிஞ்சா சரியட்டும்மா" என்றாள் அம்மா.

கொடைக்கானலே இப்படி ஒரு குடும்பக் கவலையில் பிறந்த ஊர்தான். மதுரையிலிருந்த அமெரிக்க மிஷன்காரர்கள் காலராவுக்கும் காய்ச்சலுக்கும் தங்கள் மனிதர்களைப் பறிகொடுத்து, மிஞ்சியவர்களாவது பிழைக்கட்டும் என்று 1845-இல் மலைமேல் இரண்டு பங்களாக்கள் கட்டினார்கள். ஏரி, பூங்கா, தேன்நிலவு எல்லாம் பிற்பாடு வந்தவை.

2006-இல் குறிஞ்சி பூத்தபோது அப்பா இருந்தார். அம்மாவும் அவரும் குறிஞ்சி ஆண்டவர் கோயிலில் நின்றுகொண்டு கீழே பழனி தெரிகிறதா என்று பார்த்தார்கள். 2018-இல் தம்பி குடும்பத்தோடு வருவதாக இருந்தது. டிக்கெட் வாங்கிவிட்டான். கடைசியில் வேலையில் ஏதோ மாற்றம் என்று ரத்து செய்தான். அம்மா அது பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அடுத்து 2030 என்று நான் சொன்னபோது விரலால் ஏதோ கணக்குப் போட்டாள். பிறகு ரத்த அழுத்த மாத்திரை தீர்ந்துவிட்டது என்றாள்.

வர முடியாத வருஷங்களில் தம்பி கம்பளிப் போர்வை அனுப்புவான். நல்ல போர்வைகள், மெத்தென்று இருக்கும். மதுரை வெயிலுக்கு அவற்றை என்ன செய்வது? மூன்றும் ட்ரங்குப் பெட்டியில் பாச்சை உருண்டையோடு இருக்கின்றன. அந்த மலைக்காரன் பேகன் மயிலுக்குப் போர்வை கொடுத்த கதையைப் பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்திருக்கிறோம். புறநானூற்றில் அவனைப் பற்றி இன்னொரு விஷயமும் இருக்கிறது. அதை வாத்தியார்கள் சொல்வதில்லை. மயிலின் குளிருக்கு மனம் இரங்கியவன் தன் மனைவி கண்ணகியை விட்டுவிட்டு வேறெங்கோ இருந்தான். கபிலர், பரணர், அரிசில் கிழார், பெருங்குன்றூர் கிழார் என்று நான்கு புலவர்கள் அவனிடம் போகிறார்கள். பரணரும் அரிசில் கிழாரும் கேட்கும் பரிசில் பொன்னோ நகையோ இல்லை, தேரைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போ என்பதுதான். அவன் போனானா என்று அந்தப் பாடல்களில் இல்லை. அந்த நால்வரின் யோசனையை நான் மிகவும் மதிக்கிறேன். ஆனால் போனில் அப்படிக் கேட்க எனக்கு வரவில்லை.

தம்பியைக் குறை சொல்வதாக இதைப் படிக்க வேண்டாம். ஏழு நாளையும் மணிக்கணக்காகப் பிரித்து எழுதுகிறவன், எழுதும்போது அந்த ஏழு நாளும் இங்கேதான் இருக்கிறான். அவன் அம்மாவுக்காகச் சாய்வு ஸீட் உள்ள வண்டியை விசாரித்திருக்கிறான். எந்த வளைவில் நிறுத்தி எலுமிச்சம்பழம் கொடுக்க வேண்டும் என்பதுவரை கேட்டு வைத்திருக்கிறான்.

உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்குள் வண்டி நுழைய இ-பாஸ் வேண்டும். 2025 கோடையில் நாளொன்றுக்கு 4000 வண்டி, வாரக்கடைசியில் 6000 என்று வரம்பும் வைத்தார்கள். நேற்றிரவு எப்படி இருக்கிறதென்று பார்க்க அந்தப் படிவத்தைத் திறந்தேன். உள்நாட்டுக்காரர்கள் தொலைபேசி எண்ணைக் கொண்டும் வெளிநாட்டுக்காரர்கள் மின்னஞ்சலைக் கொண்டும் நுழைய வேண்டும். தம்பி அந்த நாட்டுக் குடிமகனாகி எட்டு வருஷம் ஆகிறது. என் எண்ணையே கொடுத்து உள்ளே போனேன். எத்தனை பேர் என்று ஒரு கட்டம். இப்போதைக்கு மூன்று என்று போட்டேன். அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு என் தோளுக்குப் பின்னால் வந்து நின்று பார்த்தாள்.

"ஆறுன்னு போடுப்பா" என்றாள்.