பிரயாகையில் ஒரு கைத்துப்பாக்கி

தந்தையாரின் அஸ்தியைத் திரிவேணியில் கரைக்கும் பொருட்டுச் சென்ற மாசியில் குடும்பத்துடன் பிரயாகை சென்றிருந்தோம். சங்கமக் காட்சியை நேயர்களில் பலர் கண்டிருப்பர், விவரிக்க வேண்டுவதில்லை. சடங்குகள் முற்பகலிலேயே முடிந்துவிட்டன. நாகபுரிக்குத் திரும்பும் வண்டியோ இரவில்தான். ஸ்டேஷனில் குந்தியிருப்பானேன் என்று, குழந்தைகளை அழைத்துக்கொண்டு அலகாபாத் மியூசியத்துக்குப் போனோம். நகரின் பெயர் 2018இல் மாறியபோதிலும் மியூசியம் பழைய பெயரைத்தான் தாங்கி நிற்கிறது.

அது அமைந்திருக்கும் பூங்கா அந்நாளில் ஆல்பிரட் பூங்கா எனப்பட்டது. 1931 பிப்ரவரி 27ஆம் நாள் சந்திரசேகர ஆசாத் அங்கே போலீசாரால் சூழப்பட்டார். உடனிருந்த தோழரைத் தப்பச் செய்துவிட்டு, ஒரு மரத்தின் மறைவில் நின்று தனியே போராடி உயிர் நீத்தார். வயது 24. பிடிபடமாட்டேன் என்ற சபதத்தின்படி எஞ்சிய குண்டைத் தமக்கே பயன்படுத்திக்கொண்டார் என்பர். அவர் கையிலிருந்த துப்பாக்கி இன்று கண்ணாடிப் பேழைக்குள் இருக்கிறது.

எதிர்பார்த்ததைவிடச் சிறியது! சட்டைப் பையில் அடங்கிவிடும். அமெரிக்காவின் கோல்ட் கம்பெனி செய்த .32 அளவுப் பிஸ்டல். ரிவால்வரைப் போல் சுழலும் உருளை கிடையாது. கைப்பிடிக்குள் எட்டுக் குண்டுகள் அடுக்கப்படும். இதே கம்பெனியார் 1850களில் துருக்கி சுல்தானுக்கும் ருஷ்யச் சக்கரவர்த்திக்கும் பொன் இழைத்துச் சித்திரம் செதுக்கிய ரிவால்வர்களைக் காணிக்கையாக்கினர். சுல்தானுடையது இப்போது நியூயார்க் மெட்ரோபாலிடன் மியூசியத்தில் உள்ளது. ஆசாத்தின் ஆயுதத்தில் பொன்னும் இல்லை, பூவேலையும் இல்லை, தொழிற்சாலை முத்திரைதான். ஆனால் வெறும் இரும்புக்கும் விலை உண்டு. பில்லி தி கிட் என்னும் கொள்ளைக்காரனைச் சுட்ட ஷெரீபின் சாதாரண ரிவால்வர் 2021இல் அறுபது லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போயிற்று. கை மாறிய வரலாறு காகிதத்தில் தொடர்ச்சியாக இருந்ததே காரணம்.

ஆசாத்தின் துப்பாக்கியும் கை மாறியதுதான். அன்று எதிர்நின்று சுட்ட போலீஸ் அதிகாரி நாட்-போவர் பின்னர் அதனை இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். 1972இல் அது பாரதம் மீண்டு, லட்சுமணபுரி மியூசியத்தில் இருந்து, பிறகு இங்கு வந்து சேர்ந்தது.

"இது அவருடையதுதான் என்று எப்படி அப்பா தெரியும்?" என்றான் மூத்தவன்.

பார்சல் ஆபீசில் காலந்தள்ளும் நமக்கு இது பழகிய கேள்வி. மூட்டை எவருடையது என்பதை மூட்டை சொல்லாது. ரசீதின் எண் சொல்லும். பகத் சிங்கின் துப்பாக்கி கண்டுபிடிக்கப்பட்டதும் அவ்வாறே. 1969இல் பில்லோரிலிருந்து இந்தூருக்கு மற்ற ஆயுதங்களுடன் வந்த அது, எல்லைக் காவல் படையினரின் ஆயுதப் பள்ளியில் பெயரறியாது கிடந்தது. 2016இல் மேற்பூசிய கறுப்பு வர்ணத்தைச் சுரண்டிப் பார்த்தபோது 168896 என்னும் எண் வெளிப்பட்டது. ஸாண்டர்ஸ் வழக்கின் தஸ்தாவேஜில் இருந்த அதே எண்! இப்போது அது ஹுசைனிவாலாவில் இருக்கிறது. ஒரு காலத்தில் லாகூர்வரை ஓடிய இருப்புப்பாதை இன்று முற்றுப்பெறும் இடம் அது.

இதைப் பையனுக்குச் சொல்லிக்கொண்டே வந்தவர்கள், பாதியில் பேச்சை நிறுத்திக்கொண்டோம். பாட்டனார் கார்டு உத்தியோகம் பார்த்தவர். ஆபீசார் கொடுத்த பையக் கடிகாரத்தை ஓய்வு பெற்ற அன்று விதிப்படி திரும்ப ஒப்படைத்துவிட்டார். அதன் பின்மூடியில் பொறித்திருந்த எண்ணை மட்டும் தம் டயரியில் எழுதி வைத்திருந்தார். அதைப் பார்த்த நாள்முதல் தந்தையார் எந்தப் பழைய சாமான் கடையைக் கண்டாலும் நின்றுவிடுவார். தட்டிலிருக்கும் கடிகாரங்களை ஒவ்வொன்றாகப் புரட்டுவார். சந்தைக்கு அவருடன் போவதற்கே எமக்கு வெட்கமாயிருக்கும், கடைக்காரர்கள் சிரிப்பார்கள். ஒரு முறை, "போதும் அப்பா, அது உருகிப் பித்தளையாகி எத்தனை காலமோ!" என்று கடிந்தும் பேசினோம். அவர் பதில் சொல்லவில்லை. கையிலிருந்ததைத் துடைத்துத் தட்டில் வைத்துவிட்டு நடந்தார்.

மாலையில் ஸ்டேஷனுக்குத் திரும்பும் வழியில் நடைபாதைக் கடையொன்றில் துருப்பிடித்த பூட்டுகளும் இரண்டு பையக் கடிகாரங்களும் கிடந்தன. மூட்டைகளை இறக்கிவைத்துவிட்டு இரண்டையும் புரட்டிப் பார்த்தோம். ஒன்றில் எண்ணே இல்லை. மற்றதில் இருந்தது வேறு எண்.

வண்டியில் மூத்தவன் தன் நோட்டையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு, தாத்தா தேடிய எண் என்ன என்று கேட்டான். சொன்னோம்.