மாமாவுக்கு வந்த லெட்டர்

பேர் மாமாவோடது, அட்ரஸ் எங்க வீடு! பர்சனல் லோன் வாங்கின மாமா ஊரை விட்டுப் போய் ஆறு மாசமாச்சு. வாராவாரம் நோட்டீஸ். “என் தம்பியாச்சேடா”ன்னு அம்மா செயினை அடகு வைக்கவே கிளம்பிட்டாங்க.

“ஜாமீன் கையெழுத்து போட்டியாம்மா?”

“இல்லையே!”

அப்போ அது நம்ம கடன் இல்லை பாஸ்! அடுத்த லெட்டரை, ‘இந்த விலாசத்தில் இல்லை’ன்னு எழுதி தபால்காரர்கிட்டயே திருப்பிக் கொடுத்தோம். பேங்குக்கும் எழுத்துல தெரிவிச்சோம். ரெக்கவரி ஏஜென்ட் காலை 8 மணிக்கு முன்னாடியும் ராத்திரி 7 மணிக்கு மேலயும் கடன் வாங்கினவருக்கே போன் பண்ணக் கூடாது, குடும்பத்தை மிரட்டவே கூடாதுன்னு 2022 ஆகஸ்ட்லயே ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கு.

இப்போ லெட்டர் நின்னுடுச்சு. மாமாகிட்டேர்ந்து ஒரு போன் வராதானு அம்மா மட்டும் இன்னும் காத்திருக்காங்க.