பழைய பெட்டியும் பயனுள்ள உழைப்பும்

பழைய பொருள் என்றாலே பழுதான பொருள் என்று முடிவு கட்டுவோர் உண்டு; மலிவாய்க் கிடைத்தால் ஆராயாமலே வாங்கிவிடுவோரும் உண்டு. இவ்விரண்டுமே அறிவுடைமை ஆகா. மடுகரையில் நமது ஜீப் வண்டிக்குப் பழைய கியர் பெட்டி ஒன்றை மாற்றியபோது நாம் கண்டவற்றை, டிராக்டரும் வேனும் வைத்துப் பிழைக்கும் குடும்பங்களுக்குப் பயன்படக்கூடும் என்று கருதி எழுதுகிறோம்.

2024 நவம்பர் 30ஆம் நாள் இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. ஒரே நாளில் ஏறத்தாழ 48 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அடுத்துத் தென்பெண்ணையில் வெள்ளம் பெருகி, பாகூர்ப் பக்கத்துத் தாழ்வான ஊர்கள் நீரில் மூழ்கின. அந்நாள்களில் நம் ஜீப் முதியோரையும் அரிசி மூட்டைகளையும் சுமந்து நீருக்குள் ஓடியது. வெள்ளநீர் காற்றுத்துளை வழியாகவும் தேய்ந்த ஆயில் சீல்கள் வழியாகவும் கியர் பெட்டிக்குள் புகுந்தது. எண்ணெயை இறக்கியபோது அது மோர் போல் வெளுத்து வந்தது. உடனே மாற்றினோம், ஆயினும் பேரிங்குகளைத் துரு பற்றிவிட்டது. சில திங்களில் அரவைச் சத்தம் எழுந்தது. இரண்டாம் கியர் தானாகவே நழுவி வெளிவரலாயிற்று.

"இரும்பு விலைக்குப் போட்டுவிடுங்கள், சாமி" என்றனர் பலர். ஆனால் சிறுநீரகச் சுத்திகரிப்புக்காக வாரம் இருமுறை மருத்துவமனை செல்லும் முதியவர் ஒருவர், "வண்டி எப்போது வரும், சாமி?" என்று மட்டுமே கேட்டார். அவ்வினாவே நம் முடிவாயிற்று.

நமது வண்டி 1980களின் தொடக்கத்தில் உருவான மகேந்திரா ஜீப். அமெரிக்க வில்லிஸ் ஜீப்பின் வழிவந்த அதில் இருப்பது டி-90 என்னும் மூன்று கியர் பெட்டி. முதல் கியருக்கு ஒத்தியைவுக் கருவி கிடையாது. ஆதலின் வண்டி நின்ற பின்னரே முதல் கியரில் போடுவது நலம். பிற்காலத்து நான்கு கியர் பெட்டியைப் பூட்டலாமா என்று மெக்கானிக்கிடம் வினவினோம். "பூட்டலாம், சாமி. ஆனால் நீளம் மாறினால் முன் புரொப்பல்லர் ஷாஃப்டை நீட்டணும், பின்னதைக் குறைக்கணும். செலவு ஏறும்" என்றார் அவர். அதே இனப் பெட்டியையே தேடுவது என்று துணிந்தோம்.

சென்னைப் புதுப்பேட்டையில் இரண்டு பெட்டிகள் கிடைத்தன. ஒன்று புதுச்சாயம் பூசிப் பளபளத்தது. மற்றொன்று அழுக்கேறிக் கிடந்தது. மெக்கானிக் தம்பி இரண்டின் மேல்மூடியையும் கழற்றச் சொன்னார். பளபளத்த பெட்டியின் பற்கள் முனை மழுங்கியிருந்தன. அடியிலிருந்த எண்ணெயில் இரும்புத் துகள்கள் மின்னின. அழுக்குப் பெட்டியின் பற்களோ கூர்மை குன்றாதிருந்தன. உள்வாங்கும் தண்டை மேலும் கீழும் அசைத்தார். ஆட்டம் மிகச் சிறிதே. ஒவ்வொரு கியரிலும் கையால் சுற்றிப் பார்த்தார், தடையில்லை. நமது கிளட்ச் தட்டைப் பொருத்தி வரிப்பற்களையும் சரிபார்த்த பின்னரே விலை பேசினார்.

இவ்வகை ஜீப்பில் நான்கு சக்கர விசைப்பெட்டி கியர் பெட்டியின் முதுகில் பூட்டப்பட்டிருப்பதால் இரண்டையும் சேர்த்தே இறக்க வேண்டும். எஞ்சினுக்கு ஜாக்கி கொடுத்து, ஷாஃப்டுகளையும் கைப்பிரேக் இணைப்பையும் கழற்றினார்கள். பெட்டி வெளியே இருக்கும்போதே கிளட்ச் தட்டு, ரிலீஸ் பேரிங், ஆயில் சீல்கள் ஆகியவற்றைப் புதிதாக மாற்றினோம். பின்னர் அவற்றுக்காகவே மீண்டும் பெட்டியை இறக்குவது வீண்கூலி அன்றோ? ஏற்றும்போது பெட்டியின் பாரம் கிளட்ச் தட்டின்மேல் தொங்கிவிடாதபடி இருவர் தாங்கிப் பிடித்தனர். தொங்கினால் தட்டு வளைந்துவிடும்.

பதிவுப் புத்தகத்தில் எஞ்சின் எண்ணும் சேசிஸ் எண்ணும் உள்ளன. அவை இரண்டும் நம் வண்டியில் மாறவில்லை. எனினும் பதினைந்து ஆண்டு கடந்த சொந்த வண்டிக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்கத் தகுதிச் சோதனை உண்டு. பழைய வண்டி வைத்திருப்போர் அதனை மறவாதிருப்பாராக.

இப்போது இரண்டாம் கியர் நழுவுவதில்லை. முதியவரின் பயணமும் தடைபடுவதில்லை. வாசக அன்பர்களே, நீரில் இறங்கிய வண்டி எதுவாயினும் அன்றே கியர் எண்ணெயைச் சோதியுங்கள். வெளுத்திருந்தால் தாமதியாமல் மாற்றுங்கள். பழைய பாகம் வாங்கச் செல்வோர் மேற்பூச்சைப் பாராமல் மூடியைத் திறந்து பாருங்கள். திறக்க மறுக்கும் கடையில் வாங்காதீர்கள்.