பிரம்பு நாற்காலி

மன்ற மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று செயலாளர் கேட்டபோது, "பூனைகளைப் பற்றி எழுதட்டுமா?" என்றேன். "தமிழ் மாணவனுக்கு வேறு பொருளா கிடைக்கவில்லை?" என்று சிரித்தார். பொருள் எத்தனையோ உண்டு, நண்பர்களே! ஆனால் ஓராண்டுக் காலம் என் மூக்கையும் மனத்தையும் விட்டு நீங்காதிருந்தது பூனை மூத்திர நாற்றம் ஒன்றுதான். அதை எழுதித் தீர்த்தால் அன்றி வேறெதையும் எழுத முடியாது போலிருக்கிறது.

நான் கரமனையில் என் பெரியம்மை வீட்டில் தங்கிப் படிக்கிறேன். காரியவட்டத்திற்கு நாள்தோறும் பேருந்தில் போய்வருவது பெருந்தொல்லை. ஆயினும் பெரியம்மைக்கு வேறு துணை இல்லை. பெரியப்பா சாலைக் கடைத்தெருவில் ஒரு பலசரக்கு மண்டியில் கணக்கு எழுதியவர், 2021-இல் காலமானார். அவர் விட்டுச் சென்றவை ஒரு பிரம்பு நாற்காலி, ஓர் இரும்புப் பெட்டி நிறையப் பழைய புத்தகங்கள், ஒரு கடுவன் பூனை. மண்டியின் எலிகளைத் தீர்த்துக் கட்டிய பரம்பரையில் பிறந்ததாம். அதனால் 'கணக்கப்பிள்ளை' என்று அதற்குப் பெயரிட்டிருந்தார். அவர் இறந்து பதினாறு நாளும் அந்த நாற்காலியை விட்டு அது இறங்கவே இல்லை என்று பெரியம்மை வருவோர் போவோரிடமெல்லாம் சொல்வாள்.

2023 ஜூன் மாதம், இடவப்பாதி மழை கொட்டிய ஒரு மாலையில், பேருந்து நிறுத்தத்தில் நனைந்து நடுங்கிய ஒரு குட்டியைப் புத்தகப் பையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மழையோடு வந்தவன் ஆதலால் 'இடவன்' என்று அழைத்தோம். பின்னால் அவன் இடத்துக்காகவே போரிடப் போகிறான் என்பதை அப்போது யார் கண்டார்!

எட்டு மாதம் வரை வீட்டில் அமைதி நிலவியது. கணக்கப்பிள்ளை குட்டியைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்; அவ்வளவே. அடுத்த ஆண்டு பிப்ரவரியில் இடவனின் கழுத்து தடித்தது, குரல் மாறியது. பக்கத்து வீட்டு அம்மாள் வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்து, "இது கண்டன் பூச்சயல்லே!" என்றார். அந்த வாரமே போர் மூண்டது. நள்ளிரவில் இரண்டும் கட்டிப் புரளும். கூடத்தில் மயிர்க் கற்றைகள் பறக்கும். லண்டனில் பிரதமர் இல்லத்துப் பூனை லாரியும், வெளியுறவு அலுவலகத்துப் பூனை பாமர்ஸ்டனும் 2016-இல் நடுத்தெருவில் மோதிக்கொண்டதை உலகமே படத்தில் பார்த்தது. எங்கள் போரைப் பார்க்க நானும் பெரியம்மையும்தான்.

1956 நவம்பர் 1-ஆம் நாள் கன்னியாகுமரி மாவட்டம் பிரிந்து தமிழகத்தோடு சேர்ந்தபோது எங்கள் குடும்பம் களியக்காவிளைக்கு அப்பால் பாதியும் இப்பால் பாதியுமாக நின்றது. எல்லைச் சண்டை எங்களுக்குப் புதிதன்று. ஆனால் அந்த எல்லைக்குக் கல் நட்டார்கள். இந்த எல்லைக்கு நடப்பட்டதோ நாற்றம்!

முதலில் கதவு நிலை. பிறகு புத்தகப் பெட்டி. பிறகு என் குடை. ஒருநாள் காலையில் பெரியப்பாவின் பிரம்பு நாற்காலியே நனைந்திருந்தது. பெரியம்மை வாய் திறந்து திட்டவில்லை. தரையில் அமர்ந்து முந்தானையால் நாற்காலிக் காலைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். எனக்குச் சினம் பொங்கியது. இடவனைப் பிடித்து, மூக்கை நாற்காலியில் தேய்த்து, முதுகில் இரண்டு வைத்தேன். வீடு முழுவதும் பினாயில் ஊற்றிக் கழுவினேன். மறுநாள் இரண்டு இடம் கூடுதலாக நனைந்தது. நான்கு நாள் அடி, நான்கு நாள் பினாயில், பயன் ஒன்றுமில்லை.

"அந்தச் சின்னதைச் சாலைச் சந்தையில கொண்டு விட்டிரு மக்கா. மீன் தலை தின்னு பிழைச்சுக்கிடும்" என்றாள் பெரியம்மை.

நானும் இசைந்தேன். இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. விடியற்காலையில் கிளம்ப எண்ணி, முன்னிரவிலேயே இடவனைக் கூடையில் அடைத்து அடுக்களையில் வைத்துக் கதவைச் சாத்தினேன். அவன் கத்தினான், பிறகு ஓய்ந்தான். எனக்கு உறக்கம் வரவில்லை. மூன்று மணி இருக்கும். கூடத்துச் சன்னலுக்கு வெளியே ஏதோ ஊர்ப் பூனை குரல் கொடுத்தது. கணக்கப்பிள்ளை எழுந்தார். நாற்காலியிலிருந்து இறங்கி, அதற்கு முதுகு காட்டி நின்று, வாலை நேராக உயர்த்தினார். வால் நுனி நடுங்கியது. பின்னங்கால்கள் தரையை மிதித்தன. பிரம்பில் நீர் தெறிக்கும் ஓசை எனக்கே கேட்டது.

அடி வாங்கியவன் ஒருவன், செய்தவர் வேறொருவர்! கூடையைத் திறந்தேன். இடவன் வெளியே வராமல் மூலையில் ஒண்டிக்கொண்டான்.

பெரியம்மையிடம் சொல்வதா வேண்டாமா என்று விடியும் வரை குழம்பினேன். சொன்னேன். நெடுநேரம் பேசாதிருந்தாள். பின்னர், "அவியளுக்க நாற்காலிய வேற ஆளுக்கு விட்டுக்குடுக்க மாட்டேங்குது, பாவம்" என்றாள்.

அன்றே இரண்டையும் அரசுக் கால்நடை மருத்துவமனைக்கு எடுத்துச் சென்றேன். அங்கிருந்த மருத்துவர் என் கதையைக் கேட்டதும் முதலில் கேட்ட கேள்வி, நின்றுகொண்டு பெய்கிறதா, குந்திப் பெய்கிறதா என்பது. நின்று, வால் தூக்கிச் சுவரில் பீய்ச்சினால் அது பெரும்பாலும் எல்லைக் குறி. குந்திப் பெய்தால் மண்தட்டு பிடிக்கவில்லை, அல்லது நோய். கடுவனுக்கு நீரடைப்பு ஏற்பட்டால் ஓரிரு நாளில் உயிரே போய்விடும் என்று சொல்லிக் கணக்கப்பிள்ளையின் நீரையும் சோதித்தார். நோய் இல்லை, அச்சம்தான். வெளியே ஊர்ப் பூனை, உள்ளே வளர்ந்துவிட்ட இளவட்டம். கிழவர் என்ன செய்வார்? தம் மணத்தைத் தடவித் தமக்கே தைரியம் சொல்லிக்கொள்கிறார். அடித்தால் அச்சம் மிகும். அச்சம் மிகுந்தால் குறியும் மிகும். என் நான்கு நாள் திருத்தொண்டின் பயன் அதுவே.

பினாயில் ஊற்றியதைச் சொன்னபோது மருத்துவர் கடிந்துகொண்டார். அதில் உள்ள பீனால் வகைப் பொருள்களைப் பூனையின் ஈரல் எளிதில் முறிக்காது. பாதத்தை நக்கியே நஞ்சு ஏறிவிடுமாம். அம்மோனியா கலந்த திரவமும் ஆகாது. அதுவே மூத்திர மணத்தைப் போன்றது. நொதி கலந்த கழுவுநீரே வேண்டும். கடுவனின் நீரில் ஃபெலினைன் என்னும் அமினோ அமிலம் மிகுதி. அது வெளிவந்த பின் மெல்லச் சிதைவதால்தான் நேரம் ஆக ஆக நாற்றம் ஏறுகிறது.

இரண்டுக்கும் ஆண்மை நீக்க அறுவை செய்தார்கள். பத்துக் கடுவன்களில் ஒன்பதுக்கு இதனால் குறியிடுதல் நிற்கும் அல்லது குறையும். உடனே அன்று, சில வாரம் ஆகும். அதுவரை இரண்டையும் வெவ்வேறு அறையில் வைத்தோம். ஒன்று படுத்த துணியை மற்றதன் அறையில் போட்டோம். சாத்திய கதவின் இருபுறமும் ஒரே நேரத்தில் சோறு வைத்து, எதிரியின் மணமும் மீனின் மணமும் ஒன்றாக மூக்கில் ஏறச் செய்தோம். மண்தட்டு மூன்று வைத்தோம். பூனையின் எண்ணிக்கைக்கு ஒன்று கூடுதல் என்பது கணக்கு. ஊர்ப் பூனை தெரியாதபடி சன்னலின் கீழ்ப்பாதியில் காகிதம் ஒட்டினேன்.

காத்திருந்த வேளையில் பூனையைப் பற்றிச் சிறிது படித்தேன். மலையாளிகள் 'பூச்ச' என்பதைக் கேட்டு நம்மில் சிலர் நகைப்பது உண்டு. தொல்காப்பிய மரபியல், வெருகைப் 'பூசை' என்பது மரபு என்கிறது. கம்பரும் பாற்கடலை நக்கப் புகுந்த பூசைக்கே தம்மை ஒப்பிட்டார். நாம் விட்ட சொல்லை அண்டை வீட்டு அம்மாள் காத்து வைத்திருக்கிறார். 'வெருகு' மலையாளத்தில் புனுகுப் பூனையைக் குறிக்கிறது. அது உண்மையில் பூனைக் குலமே அன்று. அதன் வால் அடிச் சுரப்பியில் ஊறும் புனுகும் எல்லைக் குறிதான்! திருப்பதியில் பெருமாள் திருமேனிக்கே புனுகுத் தைலம் சாத்துகிறார்கள். கணக்கப்பிள்ளைக்கு அந்த யோகம் இல்லை.

ஆறாவது வாரம் கதவைத் திறந்தோம். உறுமல் இருந்தது, கட்டிப் புரளல் இல்லை. நாற்காலியை நான்கு முறை நொதிநீரில் ஊறவைத்துக் கழுவி வெயிலில் உலர்த்தினேன். நாற்றம் முற்றிலும் போயிற்று. பெருமையோடு பெரியம்மையை அழைத்துக் காட்டினேன். சாய்மானத்தில் முகத்தை வைத்து முகர்ந்தாள்.

"அவியளுக்க வெத்தில வாசமும் போயிற்றே மக்கா" என்றாள்.

எனக்கு மறுமொழி வரவில்லை.

இரண்டும் இன்றுவரை நண்பர்கள் ஆகவில்லை. இடவன் அலமாரியின் உச்சியில் இருக்கிறான். நாற்காலி கணக்கப்பிள்ளையுடையது. மாலை நான்கு மணிக்கு அவர் இறங்கிப் பெரியம்மையின் பின்னால் அடுக்களைக்குப் போகிறார். உடனே இடவன் குதித்து நாற்காலியில் ஏறிக்கொள்கிறான். ஆறு மணிக்குப் பெரியம்மை விளக்கேற்ற வருமுன் தானே இறங்கிவிடுகிறான். நான் கை நீட்டினால் மட்டும் இன்னும் ஓரடி பின்வாங்கியே நிற்கிறான்.