தாளின் பின்பக்கம்

எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் கூடத்தில் முதலில் எதிர்கொள்வது ஒரு ராட்சதக் குளவியை. உடல் குளவியுடையது, முகம் மட்டும் அழகிய ஒரு பெண்ணுடையது. அதன் பிடியில் ஓர் ஆண் சிக்கியிருக்கிறான். ரோஜர் கார்மன் இயக்கி 1959இல் வெளிவந்த 'த வாஸ்ப் வுமன்' படத்தின் போஸ்டர் அது. படத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அதில் அப்படியொரு பிராணி எங்குமே வருவதில்லை. வருவது நேர்மாறானது: பெண்ணுடலின் மேல் மாட்டப்பட்ட ஒரு குளவித்தலை முகமூடி. அதையும் பெரும்பாலும் இருட்டிலேயே காட்டுகிறார்கள். வெளிச்சத்தைத் தாங்கும்படி அது செய்யப்பட்டிருக்காது என்பது எங்கள் ஊகம்.

பழைய அமெரிக்கப் பேய்ப்படங்களின் போஸ்டர்களை நாங்கள் சேகரிக்கத் தொடங்கியது இந்தப் பொய்க்காகத்தான். எங்களில் ஒருவருக்குச் சித்திரங்களில் ஈடுபாடு, மற்றவருக்குப் பழந்தாள்களில். இருவருக்குமே அந்தப் படங்களில் பெரிய மோகம் கிடையாது. 'எக்ஸ்ப்ளாய்டேஷன்' என்று அங்கே அழைக்கப்படும் வகை, பெரிய நட்சத்திரமோ பணமோ இல்லாத தயாரிப்பாளர்கள், பெரிய ஸ்டுடியோக்கள் தொடக் கூசியதையெல்லாம் விளம்பரத்தின் பலத்தில் விற்றது. க்ரோகர் பாப் 1945இல் 'மாம் அண்ட் டாட்' என்ற படத்தைப் பெண்களுக்குத் தனிக்காட்சி, ஆண்களுக்குத் தனிக்காட்சி என்று ஊர் ஊராக ஓட்டினார். வில்லியம் காஸில் 1958இல் 'மகாப்ரே'வைப் பார்த்துப் பயத்தில் எவரேனும் இறந்தால் ஆயிரம் டாலர் என்று லண்டன் லாய்ட்ஸில் காப்பீடு எடுத்து, அதையே விளம்பரமாக்கினார். அமெரிக்கன் இன்டர்நேஷனல் பிக்சர்ஸ் நிறுவனத்திலோ முதலில் தலைப்பு, அடுத்துப் போஸ்டர், கடைசியாகத்தான் படம் என்பது ஏறக்குறைய ஒரு தொழில்முறையாகவே இருந்தது. அந்நிறுவனம் அப்பெயரைச் சூடுவதற்குமுன், 1955இல் வெளியிட்ட 'த பீஸ்ட் வித் எ மில்லியன் ஐஸ்' போஸ்டரில் கண்கள் அடர்ந்த ஒரு பயங்கர உருவம் இருந்தது. படத்தில் அந்தப் பிராணியே இல்லை. திரையரங்குக்காரர்கள் கொதித்துப்போன பிறகு அவசரமாகச் சிறியதொரு பொம்மையைச் செய்து சேர்த்தார்கள்.

ரெனால்ட் பிரவுன் இந்தப் பொய்யர்களில் மகா கலைஞர். 1958இல் வந்த 'அட்டாக் ஆஃப் த ஃபிஃப்டி ஃபூட் வுமன்' படத்துக்கு அவர் வரைந்ததில், ஒரு பெண் நெடுஞ்சாலை மேம்பாலத்தின் இருபுறமும் காலூன்றிக் கார்களை எடுத்து விளையாடுகிறாள். படத்தில் மேம்பாலமே கிடையாது. ஆனால் மனத்தில் தங்குவது பிரவுனின் பெண்தான். அக்காலப் போஸ்டர்களில் பெண்கள் பெரும்பாலும் மயங்கிய நிலையில் ஏதோவொரு ராட்சதனின் கைகளில் தொங்கிக்கொண்டிருப்பார்கள். அப்படிப்பட்டவற்றை எங்கள் சுவரில் மாட்டுவதில்லை என்பதில் எங்களுக்குள் ஓர் ஒப்பந்தம் உண்டு. (அலமாரிக்குள் இரண்டு இருக்கின்றன என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும்.)

இவற்றைச் சுவரொட்டி என்று தமிழில் சொல்ல எங்களுக்குத் தயக்கம் உண்டு, ஏனெனில் இவை சுவரில் ஒட்டப்பட்டவை அல்ல. நம்மூரில் போஸ்டர் என்றால் பசை தடவி இரவோடிரவாக ஒட்டப்பட்டு, அடுத்த படத்தின் போஸ்டரால் மூடப்பட்டு, மிஞ்சியது மாட்டின் வயிற்றுக்குள் போவது. இங்கே 'ஒன் ஷீட்' எனப்படும் 27க்கு 41 அங்குலத் தாள் திரையரங்கின் கண்ணாடிச் சட்டத்துக்குள் ஊசியால் குத்தப்பட்டது. 1940 முதல் பெரும்பாலான போஸ்டர்களை நேஷனல் ஸ்கிரீன் சர்வீஸ் என்ற நிறுவனம் விநியோகித்தது. தாளின் அடிவிளிம்பில் ஆண்டும் ஒரு வரிசை எண்ணும் இருக்கும். கூடவே சின்ன எழுத்தில், இது எங்கள் சொத்து, படம் ஓடி முடிந்ததும் உடனே திருப்பி அனுப்ப வேண்டும் என்ற பொருளில் ஓர் அறிவிப்பும். ஆக, எங்கள் வீட்டில் இருப்பவற்றில் பல, முறைப்படி பார்த்தால், யாரோ திருப்பித் தராமல் வைத்துக்கொண்டவை. அனுப்புகையில் எட்டாக மடிப்பார்கள். 1980களுக்கு முந்தைய தாளில் மடிப்புக்கோடு இல்லையென்றால் மகிழ்ச்சியடைவதற்கு முன் சந்தேகப்பட வேண்டும் என்பது எங்களுக்குச் சொல்லித்தரப்பட்ட முதல் பாடம்.

விலைகளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. 1932இல் வந்த 'த மம்மி'யின் போஸ்டர் ஒன்று 1997இல் 4,53,500 டாலருக்கும், 1931இல் வந்த 'டிராகுலா'வினுடையது 2017இல் 5,25,800 டாலருக்கும் ஏலம் போயின. அது வேறு உலகம். நாங்கள் வாங்குவது பெயர் தெரியாத படங்களை, கிழிசல்களோடு.

குளவிப்பெண்ணை 2006இல் பென்சில்வேனியாவில் ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பழம்பொருள் சந்தையில் வாங்கினோம். நடுமடிப்பில் இரண்டு ஓட்டைகள், மூலைகளில் ஊசித்துளைகள், ஓர் ஓரத்தில் பழுப்பேறிய ஒட்டுநாடா. வீட்டுக்கு வந்து மேசையில் திருப்பிப் போட்டபோதுதான் பின்பக்கத்தைப் பார்த்தோம். மேல்மூலையில் பென்சிலில் படத்தின் பெயர். அதன் கீழே வியாழன், வெள்ளி, சனி. ஒவ்வொன்றுக்கும் எதிரே ஓர் எண், அடியில் கோடு போட்டுக் கூட்டுத்தொகை. கூட்டல் தவறாக இருந்தது. பத்து குறைந்தது.

அன்றிரவு வெகுநேரம் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். ஏதோவொரு சிற்றூர்த் திரையரங்கில், கடைசிக் காட்சி தொடங்கிய பிறகு, எழுதக் கிடைத்த தாளின் பின்னால் கணக்குப் போட்டவர் யார்? டிக்கெட் கிழித்த பள்ளி மாணவனா, கையில் காசில்லாத உரிமையாளரா? சனிக்கிழமை எண் மட்டும் ஏன் அவ்வளவு குறைவு? மழையா? முன்பக்கத்தில் இருந்தது எல்லாருக்குமான பொய். பின்பக்கத்தில் இருந்தது ஒருவருடைய கணக்கு, அதுவும் யாருக்கும் காட்டுவதற்கில்லாதது.

இவ்வளவும் பேசிய பிறகுதான் நாங்கள் அதைச் செப்பனிடக் கொடுத்தோம். ஓட்டைகள் உறுத்தின. செப்பனிடுகிறவர் பொறுமையானவர், தம் தொழிலை அறிந்தவர். தாளைக் கழுவி அமிலம் நீக்கி, கோதுமைமாவுப் பசையால் ஜப்பானியத் தாளின்மேல் ஒட்டி, அதைக் கித்தான்துணியோடு பிணைத்து, ஓட்டைகளைக் காகிதக்கூழால் நிரப்பி, விட்டுப்போன நிறங்களை நீர்வண்ணத்தால் தீட்டித் தருவார். பின்பக்கம் மறைந்துவிடும், பரவாயில்லையா என்று அவர் கேட்டார். பரவாயில்லை என்று சொன்னோம். இருவரில் யார் சொன்னது என்பதில் இன்றும் எங்களுக்குள் தகராறு உண்டு. 'நாங்கள்' என்றே எழுதிவைப்பதுதான் நியாயம். ஒரு புகைப்படம்கூட எடுக்கவில்லை.

படத்தின் நாயகி அழகுசாதன நிறுவனம் ஒன்றின் அதிபர். தன் முகத்தில் வயது ஏறுவதால் விற்பனை சரிகிறது என்று கண்டு, குளவியிலிருந்து எடுத்த சாற்றை ஊசியாகப் போட்டுக்கொண்டு இளமையாகிறாள். அளவு மீறியதும் குளவியாகிறாள். போஸ்டர் திரும்பி வந்த நாளில் அவள் முகம் பளபளத்தது. மடிப்புகள் எங்கே என்று தேட வேண்டியிருந்தது. ஒரு வாரம் அதை வியந்து பார்த்தோம்.

பிறகொரு நாள் பேச்சுவாக்கில் சனிக்கிழமை 97 என்று எங்களில் ஒருவர் சொல்ல, இல்லை, 79 என்றார் மற்றவர். கூட்டுத்தொகை இருவருக்குமே நினைவில் இல்லை. கூட்டல் பத்து தவறியது என்பதில் மட்டும் உடன்படுகிறோம். தவறியது அவருடைய கூட்டலா, எங்களுடையதா என்றும் இப்போது ஐயம் வந்துவிட்டது.

அதன் பிறகு வாங்கிய எதையும் நாங்கள் செப்பனிடக் கொடுத்ததில்லை. ஒட்டுநாடாவோடும் துளைகளோடும் தட்டையாக ஓர் இழுப்பறையில் கிடக்கின்றன. பின்பக்கங்களைப் படமெடுத்துவைக்கிறோம். பலவற்றில் ஒன்றுமில்லை.

சென்ற ஆண்டு செப்பனிட்டவரையே தொலைபேசியில் அழைத்தோம். பசை நீரில் கரையக்கூடியதுதான், துணியிலிருந்து தாளைப் பிரித்துவிடலாம், பென்சில் எழுத்து பெரும்பாலும் பிழைத்திருக்கும் என்றார். உறுதியாகச் சொல்ல முடியாது என்றும் சேர்த்துக்கொண்டார். ஆனால் அவர் தீட்டிய நீர்வண்ணம் அவ்வளவும் கரைந்துபோகும். கூழ் வைத்து அடைத்த இடங்களும் திறந்துகொள்ளலாம். அவள் முகத்தின் குறுக்கே ஓடிய மடிப்பும் திரும்ப வரும். யோசித்துச் சொல்லுங்கள் என்றார்.

போஸ்டரைச் சட்டத்திலிருந்து கழற்றி வைத்திருக்கிறோம். கூடத்துச் சுவரில் ஆணி மட்டும் இருக்கிறது. எங்களில் ஒருவர் கொடுத்துவிடலாம் என்கிறார்.