எழுதி வாங்குவோம்!

நல்ல நாள் பார்த்து நிலை வைக்கிறோம். கொத்தனாரிடம் கொடுத்த பணத்தையோ குறித்து வைப்பதில்லை. கேட்டால், நம்பிக்கையாம்!

ராசிங்காபுரத்தில் நம் வீட்டுத் தளம் முதல் மழையிலேயே ஒழுகிற்று. "அது நான் செய்த வேலையன்று" என்றார், வேலையை ஒப்பந்தம் எடுத்தவர். ஏலத்தோட்டத்தில் வேலை ஓய்ந்த நாட்களில் சித்தாளாக வந்த அம்மையார் கூலிபாக்கி கேட்டார். "எல்லாம் கொடுத்தாயிற்று" என்றார் அவரே. நமக்கும் சான்றில்லை, அந்த ஏழைக்கும் சான்றில்லை!

இரசீது தந்தால் வரி வந்துவிடும் என்பது பூச்சாண்டி. தமிழ்நாட்டில் பணி செய்வோரின் ஆண்டு விற்றுமுதல் 20 இலட்ச ரூபாயைத் தாண்டாதவரை, பொதுவாக ஜி.எஸ்.டி. பதிவே தேவையில்லை. இரசீது தராமையை முறையற்ற வணிகம் என்கிறது 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம்.

தோழர்களே! வேலை, அளவு, தொகை, தேதி, கையொப்பம். ஐந்து வரி போதும். எழுத்து ஏழைக்கு எட்டாதிருந்த காலம் மலையேறிற்று. எழுதிக் கொடுப்போம், எழுதி வாங்குவோம்!