அகத்தியர் தெரிகிற திசை

மாசி மாதம் இரவு ஒன்பது மணி வாக்கில் மதுரையில் தெற்கே பார்த்தால் அகத்திய நட்சத்திரம் நேராக நிற்கும். கையை நீட்டி ஒரு சாண் பிடித்தால் சுமார் 20 பாகை. அடிவானத்திலிருந்து ஒரு சாணுக்குக் கொஞ்சம் மேலே, 27 பாகை உயரத்தில் அது இருக்கும். அதற்கும் மேலே சிரியஸ். இரவு வானத்து விண்மீன்களில் பிரகாசத்தில் சிரியஸுக்கு முதலிடம், அகத்தியருக்கு இரண்டாமிடம். டெல்லியில் அகத்தியர் 9 பாகைக்கு மேல் ஏறுவதில்லை. புழுதியிலும் மூட்டத்திலும் கரைந்துபோவார். லண்டனில் இருப்பவர் ஆயுள் முழுக்கக் காத்திருந்தாலும் அவரைப் பார்க்க முடியாது. தெற்கே வந்து பொதிகையில் தங்கிவிட்ட முனிவரின் பெயர் தெற்கு வானத்து விண்மீனுக்கு வாய்த்தது எனக்கு எப்போதும் பிடிக்கும்.

ஒத்தக்கடைப் பக்கம் நான் இப்போது குடியிருக்கும் வீட்டு மொட்டைமாடியிலிருந்து அகத்தியர் இன்னும் தெரிகிறார். அவரைச் சுற்றியிருந்த கூட்டம்தான் இல்லை. நான்குவழிச் சாலை விளக்குகளும், கல்யாண மண்டப விளக்குகளும், மனை விற்பவர்கள் நட்டு வைத்த வெள்ளை விளக்குகளும் சேர்ந்து தெற்கு வானத்தைச் சாம்பல் பூசியதுபோல ஆக்கிவிட்டன. யானைமலையின் முதுகு தெரிகிறது, அதற்கு மேலே ஒன்றுமில்லை.

என் சொந்த ஊர் மேலூர்ப் பக்கம், பெரியாற்றுக் கால்வாயின் ஒருபோகப் பாசனம். தை, மாசியில் அறுப்பு முடிந்து நெல் களத்துக்கு வரும். தூற்றி மூட்டை பிடிக்கும்வரை யாராவது களத்தில் காவல் படுக்க வேண்டும். அய்யா படுப்பார். நானும் போவேன். அப்பத்தா சோறு கொண்டுவந்துவிட்டு அங்கேயே வைக்கோலை விரித்து உட்கார்ந்துகொள்வாள். நட்சத்திரம் என்ற சொல் அவள் வாயில் ஜாதகப் பேச்சில் மட்டும்தான் வரும். மேலே இருப்பதெல்லாம் வெள்ளி. "கார்த்திகைக் கூட்டத்துல எத்தனை வெள்ளி, எண்ணு பாப்போம்யா" என்பாள். ஆறு என்று சொல்லிவிட்டால் கண் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். தலைக்கு நேர் மேலே செக்கச்செவேல் என்று இருக்கும் ஒன்றைக் காட்டி, "அதுதான் திருவாதிரை, உன் நட்சத்திரம்" என்று சொன்னாள். நடுச்சாமத்தில் அய்யா எழுந்து மடைக்குப் போகும்போது, கார்த்திகை மேற்கே எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று பார்த்துத்தான் நேரம் சொல்வார். கடிகாரம் கட்டிப் பார்த்ததே இல்லை அவர்.

திருவாதிரை மதுரைக்கு ஏறக்குறைய நேர் உச்சியில் கடந்து போகும், இரண்டரைப் பாகைதான் விலகல். திருவோணமும் அப்படித்தான், ஒரு பாகை அளவே தள்ளிப் போகும். நம் கழுத்தைப் பின்னால் சாய்த்தால் போதும், வேறு திசை தேட வேண்டாம். 2019 கடைசியில் திருவாதிரை மங்கத் தொடங்கி, 2020 பிப்ரவரியில் வெறும் கண்ணுக்கே வித்தியாசம் தெரியும் அளவு ஒளி குறைந்தது. அது கக்கிய தூசுதான் ஒளியை மறைத்தது என்று பின்னால் வானியலாளர்கள் விளக்கினார்கள். உலகமே அதைப் பற்றிப் பேசியது. அப்பத்தா இருந்திருந்தால் அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருந்திருக்காது. ஜாதகக் கட்டத்தில் திருவாதிரை, ரோகிணி, கேட்டை என்று எழுதி வைத்திருக்கிறோம், பொருத்தம் பார்க்கிறோம், அர்ச்சனைக்குச் சொல்கிறோம். வாழ்நாளில் ஒருமுறைகூடத் தன் நட்சத்திரத்தைக் கண்ணால் பார்க்காத பிள்ளைகள் என் தெருவில் நிறையப் பேர். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கிறது.

வைகையைப் பாடும் பரிபாடலின் பதினோராம் பாடலை நல்லந்துவனார் ஆற்றிலிருந்து தொடங்கவில்லை, வானத்திலிருந்து தொடங்குகிறார். எந்தக் கோள் எந்த வீட்டில், பொதியில் முனிவனின் மீன் எங்கே என்று அடுக்கிச் சொல்லிவிட்டு, அந்த வேளையில் மேற்கு மலையில் மழை பொழிந்து வைகை பெருகியது என்கிறார். அந்தக் கோள்நிலையைக் கணக்கிட்டு எல்.டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளை கி.பி. 634 என்று காலம் குறித்தார். வேறு அறிஞர்கள் அதை ஒப்பவில்லை. ஆண்டு எதுவாகவும் இருக்கட்டும். ஆற்றில் தண்ணீர் வந்ததைச் சொல்ல முதலில் அண்ணாந்து பார்த்த ஊர் இது.

நெடுநல்வாடையில் இன்னொரு காட்சி. பாசறைக்குப் போன பாண்டியனைப் பிரிந்து அரசி கட்டிலில் கிடக்கிறாள். மேல்விதானத்தில் மேடம் முதலான இராசிகளும் நிலவை விட்டுப் பிரியாத ரோகிணியும் எழுதப்பட்டிருக்கின்றன. அந்த ரோகிணியைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறாள். இன்று அடுக்குமாடி வீடுகளில் பிள்ளைகளின் அறைக் கூரையில் ரேடியம் நட்சத்திர ஸ்டிக்கர் ஒட்டியிருப்பதைப் பார்க்கும்போது எனக்கு அவள் ஞாபகம் வரும். அவள் முற்றத்துக்கு வந்திருந்தால் உண்மையான ரோகிணியும் இருந்திருக்கும்.

எங்கள் ஊரில் வெளிச்சம் ஒரே நாளில் வந்துவிடவில்லை. முதலில் தெருமுனைக்கு ஒரு குழல்விளக்கு. பிறகு மெயின் ரோட்டில் மஞ்சள் சோடியம் விளக்கு. அதன் பிறகு மந்தையில் உயர்கோபுர விளக்கு. கடைசியில் எல்லாமே வெள்ளை எல்இடி. வெள்ளை எல்இடியில் நீலம் அதிகம். பகலில் வானத்தை நீலமாகக் காட்டும் அதே சிதறல்தான் இரவில் அந்த விளக்கின் நீலத்தையும் நாலாபக்கமும் இறைக்கிறது. மின்சாரம் மிச்சமாகிறது என்பது உண்மை. விலை குறைந்ததும் ஒன்று இருந்த இடத்தில் மூன்று வைக்கிறோம் என்பதும் உண்மை. 2023இல் சயின்ஸ் இதழில் வந்த ஆய்வு ஒன்று, உலகெங்கும் பொதுமக்கள் அனுப்பிய பதிவுகளை வைத்து, 2011 முதல் 2022 வரை இரவு வானத்தின் வெளிச்சம் ஆண்டுக்குச் சராசரியாக 9.6 சதவீதம் கூடியது என்று கண்டது. 250 விண்மீன் தெரியும் இடத்தில் பிறந்த குழந்தைக்குப் பதினெட்டு வயதாகும்போது அதே இடத்தில் 100தான் மிஞ்சும்.

வானம் ஒரு தடவை திரும்பி வந்தது. 2012 மின்வெட்டுக் காலம். தென்மாவட்டங்களில் பகலிலும் இரவிலும் மணிக்கணக்கில் கரண்ட் இருக்காது. வியாபாரம் படுத்தது, பரீட்சைக்குப் படித்த பிள்ளைகள் அவதிப்பட்டார்கள், அந்தக் கஷ்டத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் புழுக்கம் தாங்காமல் தெருவே மொட்டைமாடி ஏறிய இரவுகளில், ஓலை விசிறியோடு உட்கார்ந்திருந்தவர்கள் தலைக்கு மேலே பார்த்து அசந்துபோனார்கள். இத்தனை வருஷமாக இவ்வளவு இருந்ததா என்று கேட்டார் எதிர்வீட்டு அக்கா. கரண்ட் வந்ததும் எல்லோரும் கைதட்டினோம், கீழே இறங்கிவிட்டோம்.

இப்போது தேடிப் போக வேண்டியிருக்கிறது. மேற்கே கீழக்குயில்குடி சமணர் மலை பக்கத்திலேயே இருக்கிறது. மலைக்கு மறுபுறம் உட்கார்ந்தால் நகரம் கண்ணில் படாது என்று கணக்குப் போட்டுத்தான் பலரும் போகிறார்கள். மலை விளக்கைத்தான் மறைக்கிறது. விளக்கு வானத்தில் ஏற்றிவிட்ட வெளுப்பு மலைக்கு மேலேயும் எழுந்து நிற்கிறது. நிலவும் கோள்களும் பார்க்க நல்ல இடம், பால்வீதிக்குப் போதாது.

அரிட்டாபட்டி அதைவிட மேல். மதுரையிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர். 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட ஊர். தென்மேற்கே மதுரையின் வெளிச்சம் கூடாரம் அடித்திருக்கும், மற்றத் திசைகளில் கருமை இருக்கிறது. டங்ஸ்டன் சுரங்கம் வரப்போகிறது என்றபோது மேலூர் வட்டாரமே திரண்டு நின்றதையும், 2025 ஜனவரியில் அந்த ஏலம் ரத்தானதையும் நாடு பார்த்தது. மலையைக் காத்தவர்களின் கண்மாய்க் கரை அது. அங்கே உட்காருவதே எனக்கு ஒரு பெருமை.

வடக்கே இன்னும் தள்ளிப் போனால் கடவூர். சுற்றிலும் மலை, நடுவே கிண்ணம் வைத்தாற்போலப் பள்ளத்தாக்கு. கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேர் காட்டைத் தேவாங்குச் சரணாலயமாக 2022இல் அறிவித்தார்கள். தேவாங்கு இரவில் நடமாடும் உயிர். அதற்கு வேண்டியதும் எனக்கு வேண்டியதும் ஒன்றுதான்.

எனக்கு மனதுக்குப் பிடித்தது சாப்டூர். திருமங்கலம், தே. கல்லுப்பட்டி, பேரையூர் தாண்டிப் போக வேண்டும். காட்டுக்குள் போகக் கூடாது, புலிகள் காப்பகம். வெளியே கண்மாய்க் கரை போதும். மதுரை வடகிழக்கே போய்விடுவதால் தெற்கு திறந்து கிடக்கும். அமாவாசையை ஒட்டிய நாளாக, மாசி, பங்குனியாக இருக்கட்டும். சித்திரை தாண்டினால் வெப்ப மூட்டம் அடிவானத்தை மூடிவிடுகிறது. டார்ச்சில் சிவப்புக் கண்ணாடித்தாள் சுற்றிக்கொள்ளுங்கள். கரையில் கட்டுவிரியன் இருக்கும், செருப்பில்லாமல் நடக்காதீர்கள். செல்போனைப் பையில் போட்டுவிட்டு அரைமணி நேரம் சும்மா இருந்தால் கண் இருட்டுக்குப் பழகும். விடிகாலை நாலு மணிக்கு மேல் விருச்சிகத்தின் கொடுக்கிலிருந்து பால்வீதி தென்கிழக்கே எழுவதை அங்கே பார்த்துக்கொண்டு நின்றபோது, அப்பத்தாவுக்கு இது களத்துமேட்டிலேயே கிடைத்தது என்ற நினைப்பில் எனக்கு அழுகை வந்தது.

காவலூரில் 1960களின் கடைசியில் வைணு பாப்பு வானாய்வகம் தொடங்கக் காரணம், ஜவ்வாது மலையின் இருட்டும் தெற்கே தாழ்ந்த அட்சரேகையும்தான். மதுரை அதைவிடத் தெற்கு. துருவ நட்சத்திரம் இங்கே 10 பாகையில், தென்சிலுவை 20 பாகையில். இரண்டையும் ஒரே ஊரில் பார்க்க முடிகிற வாய்ப்பு பூமியில் பெரும்பாலோருக்கு இல்லை. லடாக்கில் ஹான்லேயை 2022இல் இருள்வானக் காப்பகம் ஆக்கினார்கள், மகாராஷ்டிரத்தில் பெஞ்ச் காட்டுக்கு 2024இல் இருள்வானப் பூங்கா என்ற தகுதி கிடைத்தது. நல்ல செய்திகள். ஆனால் வானம் பார்க்க டிக்கெட் எடுத்துப் போகிற இடமாக அது மாறிவிடுவதில் எனக்குச் சம்மதமில்லை. களத்தில் கிடைத்தது களத்திலேயே கிடைக்க வேண்டும்.

அதற்குப் பெரிய செலவும் இல்லை. விளக்கின் ஒளி மேலே போகாமல் தரைக்கு இறங்கும்படி மூடி, வெள்ளைக்குப் பதில் இளமஞ்சள், ஆள் நடமாட்டம் அடங்கியபின் பாதி வெளிச்சம். இருட்டில் நடந்து வரும் பெண்களுக்கு வழி தெரிய வேண்டும் என்பது நியாயம். கண்ணைக் கூசவைக்கும் விளக்கைவிடத் தரையில் விழும் விளக்கில் வழி நன்றாகவே தெரியும். மே 1 கிராமசபைக் கூட்டத்துக்கு ஊருக்குப் போகிறேன். அங்கேயே இருக்கும் அண்ணனும் கூட வருகிறார். மந்தை விளக்குக்கு மூடி போடத் தீர்மானம் கேட்கப் போகிறோம். தென்சிலுவை இரவு ஒன்பது, பத்து மணிக்குத் தெற்கே நிமிர்ந்து நிற்கிற மாதம் அது. தீர்மானம் வரட்டும் வராமல் போகட்டும், அன்றைக்கு ஒரு மணி நேரம் அந்த விளக்கை அணைத்துக் காட்டச் சொல்லிக் கேட்பேன்.